தூண்மலைக்கு வேலாயி போன வழி

இரண்டு கால்களும் நன்றாக நடப்பதை உங்களுடைய சாமர்த்தியம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? போன பிறவியில் புண்ணியம் செய்து சம்பாதித்த கால்கள் என்று யாராவது சொல்ல, அதை நம்பியும் இருக்கலாம். அப்படியானால் இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தைக்கு மேலே ஊசிக்கல் தோட்டத்து வேலாயியின் கதையைக் கேளுங்கள். இருபத்தாறு வயது வரை அவளுக்கும் உங்களைப் போலவே இரண்டு கால்கள் நடந்தன. உங்களைவிட நன்றாகவே நடந்தன என்று சொல்ல வேண்டும். தலையில் ஒரு கூடைக் கல்லைச் சுமந்துகொண்டு நீங்கள் மலையேறியிருக்க மாட்டீர்கள்.

வேலாயி தேயிலைக் கொழுந்து பறித்தவள் அல்ல. தோட்டத்துக்கு வண்டி ரோட்டுப் போட்ட கூட்டத்தில் இருந்தவள். துரை சரிவை அளக்கும் மட்டக்கோலைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார். அவர் கை காட்டிய இடத்தில் முளையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. இருபதடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம். அதற்கு மேல் போனால் வண்டி மாடு முட்டி போட்டுவிடும். ஆறு வருடம் முளை பிடித்ததில் மட்டக்கோல் அவள் கண்ணுக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஒரு சரிவைப் பார்த்தால் போதும், "இது பதினெட்டுக்கு ஒன்னு, மாடு திட்டும்" என்பாள். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும்.

பிறகு ஒரு நாள் பாறைக்கு வெடி வைத்தவன் கொம்பு ஊத மறந்துவிட்டான். உருண்டு வந்த கல் அவள் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே ஒன்றும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தாளோ என்று கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுவதும் உச்சுக் கொட்டியது. வெடிக்காரன் இந்தப் பிறவியில் கொம்பு ஊதவில்லை என்பதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. தோட்டத்துப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டினார்கள். புருஷன் அதற்கு முந்திய வருடமே காய்ச்சலில் போய்விட்டிருந்தான். அவளுக்கென்று மிஞ்சியது லயத்தில் ஒரு காம்பிரா மட்டும்தான். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரு கதவு, வாசலில் ஒரு அடுப்பு.

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம். அழுததெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அப்புத்தளை ஸ்டேஷன் பக்கம் சரக்குக் கடை வைத்திருந்த ஹுமைத் நானாவுக்குச் சாக்கு தைத்துக் கொடுத்தாள். ஊரில் யார் வீட்டில் சண்டை என்றாலும் தீர்ப்புக்கு அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். எழுந்து போய்விட மாட்டாள் என்ற நம்பிக்கை. போவதற்கு ஓர் இடம் வேண்டுமென்றால் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கைகளை ஊன்றி நகர்வாள். ஹுமைத் நானா ஒருமுறை சாக்கு வாங்க வந்தபோது அதைப் பார்த்தார். அவர் கடையில் ஒரு சக்கர நாற்காலி இருந்தது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரைசாணியின் வங்களாச் சாமான்களை ஏலத்தில் எடுத்தபோது கூடவே வந்தது. அதில் வெங்காய மூட்டையை உட்கார வைத்திருந்தார். மறுவாரம் அது மாட்டு வண்டியில் லயத்துக்கு வந்து இறங்கியது.

"வெங்காயத்துக்குக் கால் வலிக்கிறேல்ல, தங்கச்சி. நீங்க வெச்சிக்கங்க" என்றார் நானா.

அந்த நாற்காலி வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் காம்பிராவுக்கு ஆபத்து வந்தது.

லயத்துக்கு எதிரே தூண்மலை. உச்சியில் கூரையில்லாத ஒரு பழைய கல்மண்டபம். பதினாறு தூண்கள் நிற்கின்றன, நாலைந்து விழுந்து கிடக்கின்றன. ஒரு தூணின் அடியில் குங்குமம் பூசிய கல், அதுதான் முனி. மண்டபத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். லயத்தில் கேட்டால் ராவணன். அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில் கேட்டால் ஒளிந்து வாழ்ந்த ஒரு ராஜா. ஹுமைத் நானாவின் கணக்கில் ஜின்கள். கூலிக்காரர்கள் கட்டினார்கள் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு காம்பிராப் பெண்ணும் தன் கையால் தூண்மலைக்குப் பானை கொண்டுபோய்ப் பொங்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். ஆள் விட்டு அனுப்பக் கூடாது. மூன்று ஆடி தொடர்ந்து பானை வைக்காத வீடு தோட்டத்து வீடு அல்ல. அந்தக் காம்பிராவைப் பெரிய கங்காணி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். இதுதான் சட்டம். முதல் ஆடியில் வேலாயி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாவது ஆடியில் அவளிடம் ஒரு மடித்த சாக்குதான் இருந்தது.

பெரிய கங்காணி மாடசாமிக்குக் கடல் தாண்டி அக்கரையிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். குடிவைக்க இடம் தேவை. ஆனி மாதத்தில் ஒரு காலை, ஆள் எண்ணும் பெரட்டு முடிந்த கையோடு அவள் வாசலுக்கு வந்தார்.

"ஏ புள்ள வேலாயி, இந்த ஆடியோட மூணாச்சு. நாஞ் சொல்லல, முனி சொல்லுது. ஒன் அண்ணன் பண்டாரவளையிலதானே இருக்கான். காம்பிராவ ஒழிச்சு வச்சிரு."

"முனி நேருல வந்து சொன்னா ஒழிச்சு வைக்கிறேங்க" என்றாள் வேலாயி. "ஆள் விட்டு அனுப்பக் கூடாதுன்னுதானே சட்டம்?"

பக்கத்துக் காம்பிரா இராக்கம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கங்காணி சிரிக்கவில்லை. அண்ணன் வீடு எப்படிப்பட்டது என்பது வேலாயிக்குத் தெரியும். அங்கே ஆறு பிள்ளைகள், ஒரு அறை, அதோடு ஒரு அண்ணி. காம்பிரா போனால் அவளுக்கு மழை படாத இடம் எதுவும் இல்லை. வாய்க்குப் பதில் இருந்ததே தவிர, படிகளுக்குப் பதில் இல்லை.

அந்த ஆனியில் மலையில் தீப்பிடித்தது. ஊவாப் பக்கத்தில் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மானாப்புல் எரிவது வழக்கம்தான். தூண்மலை மொட்டையாகிக் கறுத்துப்போய் நின்றது. மற்றவர்கள் விடிந்ததும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வேலாயிக்கு மட்டும்தான் அதை உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்தது. மூன்றாம் நாள் காலை வெயில் சாய்ந்து விழுந்தபோது, மலையின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதுபோல் ஒரு கோடு தெரிந்தது. மெல்ல ஏறியது, முதுகுப்புறம் போய் மறைந்தது.

இராக்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுத் தடம் என்றாள்.

"மாடு அளவெடுத்தா நடக்கும்?" என்றாள் வேலாயி.

இராக்கம்மாவின் புருஷன் சின்னராசா கான் வெட்டுகிறவன். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓட மட்டம் பார்த்துக் கான் வெட்டுவது அவன் தொழில். ஆகையால் அவனிடம் பேச்சைச் சுருக்கமாக முடிக்க முடிந்தது.

"தம்பி, அந்தத் தூணு என்ன ஒசரம்?"

"ரெண்டாள் ஒசரம்க்கா."

"மேல ஒடச்ச கல்லா?"

"மேல இருக்கிறது செம்பாறைதானே. தூணு கருங்கல்லு. ஆத்துப் பக்கம்தான் அந்தக் கல்லு இருக்கு."

"படியில எப்படி ஏத்துவ?"

சின்னராசா தலையைச் சொறிந்தான். எதிரே மலையைப் பார்த்தான். தூணை மனதுக்குள் படியில் ஏற்றிப் பார்த்தான். பத்தாவது படியில் அது கீழே உருண்டிருக்க வேண்டும்.

"ஏத்த முடியாது. உருள போட்டு இழுக்கணும். அதுக்கு ரோட்டு வேணும்" என்றவன், கறுத்த மலையில் தெரிந்த அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் இராக்கம்மாவும் அந்தக் கோட்டில் ஏறிப் பார்த்தார்கள். தோட்டத்து மட்டக்கோலைத் தொட முடியாது. அது துரையின் சொத்து. ஒரு பலகையின்மேல் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய போத்தலைப் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். வேலாயி அடிவாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இடது பக்கம், வலது பக்கம், பலகையைக் கோணலாகப் பிடிக்கிறாய் என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தாள். பத்துப் பத்தடிக்கு ஒருமுறை புதரை விலக்கி மண்ணைக் குத்தினால் அடியில் வரிசையாகக் கல் அடுக்கியிருந்தது. சின்னராசா சாம்பல் பூசிய பூனைபோல் இறங்கி வந்தான்.

"இருபதுக்கு ஒன்னுக்கா. நம்ம தொரை போட்ட ரோட்டவிடச் சுத்தம்."

அரைமைல் நீளம். இரண்டு இடத்தில் மழை அரித்து ஆள் தாண்ட முடியாத பள்ளம்; மற்றபடி தீக்குத் தப்பிய புதரும் சரிந்த மண்ணும்தான். ஆடிக் கடைசிக்கு இன்னும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. கான் வெட்டும் கூட்டத்தில் ஏழு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். சிலர் வேலாயியின் காம்பிராவுக்காக. சிலர் கங்காணியின் மூஞ்சி எப்படிப் போகிறதென்று பார்க்க. ஒருவன் வந்ததற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மாமியார் இருக்கிறாள் என்பது.

செய்தி கங்காணி காதுக்குப் போனது. முதலில் சிரித்தார். இரண்டாவது வாரம் பெரட்டில் நின்று ஒரு வார்த்தை விட்டார்: அது முனி குதிரையில் போகும் வழி, அதில் மண்வெட்டி போட்டவன் ரத்தம் கக்குவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரில் சின்னராசா மட்டும் வந்தான். அவனும் பெண்டாட்டிக்குப் பயந்துதான் வந்தான். முனிக்குப் பயப்படுவதா, இராக்கம்மாவுக்குப் பயப்படுவதா என்று பார்த்திருக்கிறான்.

அன்று வேலாயி நாற்காலியிலிருந்து இறங்கினாள். சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, கைக்கொத்தை எடுத்து, புதரின் வேரை வெட்டிக்கொண்டே தள்ளித் தள்ளி முன்னே போனாள். மாலைக்குள் முப்பதடி. ரத்தம் கக்கவில்லை. லயத்துக்குத் திரும்பி, வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"முனி குதிரையில போற பாதைன்னா அத நல்லா வச்சிருக்க வேணாமா? இத்தன வருசமா புதருக்குள்ள விட்டு வச்சிருக்கோமே, குதிர எப்படிப் போவும்?"

முனியே இல்லை என்று அவள் வாதாடியிருந்தால் ஒரு புதர்கூட அசைந்திருக்காது. இப்போது பாதையைத் துப்புரவாக்குவது பக்தியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். நடுவில் சின்னராசாவுக்குப் பல்வலி வந்தது. முனியின் வேலை அது என்று கங்காணி சொன்னார். தோட்டத்து டிஸ்பென்சர் அந்தப் பல்லைப் பிடுங்கியதும் முனியும் கூடவே வெளியே வந்துவிட்டது.

பள்ளங்கள் இரண்டும் மிஞ்சின. அதற்கு ஹுமைத் நானா தன் கடையை அடைக்கும் பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கடைக்குக் கதவில்லாமல் எப்படி என்று கேட்டதற்கு, கதவு போகிற இடத்துக்குத்தான் தானும் போவதாகவும், ஜின்கள் கட்டிய மண்டபத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்றும் சொன்னார்.

ஆடிக் கடைசி ஞாயிறு வந்தது. பெண்கள் தலையில் பானையோடு படியேறினார்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய கங்காணி போனார். அவருக்கு முழங்காலில் வாதம். பல வருடமாகவே படியேறுவதில்லை. நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி நாலு பேர் தோளில் தூக்கிப் போவார்கள். அதை யாரும் குறையாகப் பார்த்ததில்லை, மரியாதையாகத்தான் பார்த்தார்கள்.

பழைய ரோட்டின் அடியிலிருந்து வேலாயி புறப்பட்டாள். மடியில் பானை, பானைக்குள் அரிசியும் பயறும் சர்க்கரையும் ஒரு போத்தல் பாலும். தன் பானையை முதுகில் கட்டிக்கொண்டு பின்னால் இராக்கம்மா தள்ள, முன்னால் சின்னராசா கயிற்றில் இழுக்க, ஓரமாக நானா குடையோடு வந்தார். வங்களாவின் வழுவழுப்பான தரைக்காகச் செய்த நாற்காலி அது. முதல் திருப்பத்திலேயே ஒரு சக்கரத்தின் ரப்பர் உரிந்து போனது. சின்னராசா தும்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டினான். பலகைமேல் சக்கரம் ஏறியபோது நானா அரபியில் எதையோ ஓதிக்கொண்டே வந்தார். அது பலகைக்கா வேலாயிக்கா என்று இராக்கம்மா கேட்டாள்.

திருப்பம் திரும்பத் திரும்பக் காற்று பலமாயிற்று. கடைசித் திருப்பத்தில் தென்பக்கம் திறந்துகொண்டது. கீழே சமவெளி, அதற்கப்பால் வெள்ளைக் கோடாகக் கடல். வேலாயி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். இரண்டரை வருடமாக எல்லாவற்றையும் கீழிருந்தே அண்ணாந்து பார்த்தவள். மெல்லக் குனிந்து பார்த்தாள். லயத்துக் கூரைகள் தீப்பெட்டிகளாகக் கிடந்தன. ஓரத்தில் தன் காம்பிராவைக் கண்டுபிடித்துவிட்டு, கூரையில் ஒரு தகரம் கழன்றிருப்பதாகவும் இறங்கியதும் அதை அடிக்க வேண்டுமென்றும் சின்னராசாவிடம் சொன்னாள்.

பாதை மண்டபத்தில் போய் முடிந்த இடத்தில் அவர்களுக்கு ஓர் அதிசயம் காத்திருந்தது. புதர் வெட்டிய அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பக்கமும் செதுக்கிய நிலைக்கல். நடுவில் வாசற்படியாக அரைவட்டக் கல், அதில் யானையும் குதிரையும் வரிசையாக. படிகள் போய்ச் சேரும் பக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது, வெறும் மூலை. வாசலோரத் தூண்களின் பின்புறம் செதுக்காமல் கரடுமுரடாகவே நின்றது. வேலாயி கையால் தடவிப் பார்த்தாள்.

"பாத்தியா, யாரும் பாக்க மாட்டாங்கன்னு வேலைய விட்டுட்டுப் போயிருக்கான். இது ராவணனும் இல்ல, ஜின்னும் இல்ல நானா. நம்மாளு."

நானா தூணைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஜின் என்றால் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

முனிக்கல்லைச் சுற்றி நின்றவர்கள் சக்கரச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். முன்வாசல் வழியாக வேலாயி உள்ளே வந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் தாங்கள் வருடம் தவறாமல் புழக்கடை வழியாக வந்துபோனது புரிந்தது. கங்காணி தன் நாற்காலியிலிருந்தபடியே கையை நீட்டித் தடுத்தார்.

"பானை படியேறித்தான் வரணும். அதான் முனி போட்ட சட்டம்."

"அந்தப் படிய யாருங்க வெட்டினது?"

"ராவணன் காலத்துப் படி அது."

"அப்ப ராவணனுக்கு வெடிமருந்து யாருங்க குடுத்தா? படிக்குப் படி ஓரத்துல ஜம்பர் குழி இருக்கு. ரோட்டு வேலையில குழி தோண்டையில தண்ணி ஊத்தின கை இது. எனக்குத் தெரியாதா?"

பாறையில் வெடி வைக்க ஜம்பர் கோலால் துளை போட்டால், பாறை பிளந்த பிறகும் பாதிக் குழி விளிம்பில் தங்கிவிடும். தோட்டத்தில் ரோட்டு வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அதை மிதித்துக்கொண்டே நாற்பது வருடம் ஏறியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தி, அந்தப் படிகளைக் கங்காணியின் அப்பா காலத்தில் வெட்டியதாகவும், தன் அப்பா அதில் சம்மட்டி அடித்ததாகவும் சத்தமாகவே சொன்னாள். கங்காணியின் முகம் சிறுத்தது. ஆனால் விடவில்லை. படியோ பாதையோ, தன் காலால் வராதவள் வந்ததாகக் கணக்கில்லை என்றார்.

வேலாயி அவர் நாற்காலியைப் பார்த்தாள். அதன் மூங்கிலைப் பார்த்தாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நாலு பேரையும் பார்த்தாள்.

"ஐயாவும் நாற்காலியிலதான் வந்தீங்க, நானும் நாற்காலியிலதான் வந்தேன். என்னைய ரெண்டு பேரு உருட்டுனாங்க, ஐயாவ நாலு பேரு தூக்குனாங்க. இதுல யாருங்க கால் இல்லாதவங்க?"

முதலில் சிரித்தவர்கள் தூக்கிவந்த நாலு பேர்தான். அவர்களுக்குத்தானே தோள் வலி. பிறகு பெண்கள் சிரித்தார்கள். மண்டபத்துத் தூண்களுக்குள் அந்தச் சிரிப்பு சுற்றிச் சுற்றி வந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். கங்காணி முனிக்கல்லைப் பார்த்தார். முனி வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி சரி, நேரம் போவுது. பானைய வையி" என்றார்.

வேலாயி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். மூன்று கல்லைத் தன் கையால் கூட்டித் தன் கையால் நெருப்பு மூட்டினாள். காற்றுக்கு நாலு தீக்குச்சி செலவாயிற்று. பால் பொங்கியபோது இராக்கம்மா குலவை போட்டாள். ஹுமைத் நானா தூரத்தில் விழுந்து கிடந்த ஒரு தூணின்மேல் உட்கார்ந்து, கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே தன் கடைப் பலகைகளுக்குக் காவல் இருந்தார்.

இறங்கும்போது நடந்ததுதான் உண்மையான தீர்ப்பு. கைக்குழந்தைக்காரிகள் முதலில் புதுப்பாதைக்கு வந்தார்கள். பிறகு முழங்கால் வலிக்காரிகள், பிறகு காலிப் பானையை இடுப்பில் வைத்தவர்கள். தூக்குகிறவர்களும் நாற்காலியோடு அந்தப் பக்கமே திரும்பினார்கள். கங்காணி சொல்லி அல்ல. பாதி வழியில் கங்காணி தன்னை இறக்கிவிடச் சொன்னார். ஒரு கோலை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பல வருடத்தில் முதல் தடவையாகத் தூண்மலையில் அவருடைய பாதம் பட்டது. சரிவு அவர் முழங்காலை நோகடிக்கவில்லை.

"மெதுவா வாங்கய்யா, பலகையில வழுக்கும்" என்றாள் பின்னால் வந்த வேலாயி.

காம்பிரா அவளிடமே இருந்தது. சின்னராசா தகரத்தை அடித்துக் கொடுத்தான். இது நடந்தது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டில். கடைசிவரை அவள் அந்த வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்தாள், தீர்ப்புச் சொன்னாள், ஆடிக்கு ஆடி மலைக்குப் போய் வந்தாள். படிகளில் புல் முளைத்துவிட்டது. அவள் இடுப்பை உடைத்த வெடிக்குத் தோட்டம் இன்றுவரை ஒரு பதிலும் சொல்லவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு பாதை கிடைத்ததற்காக அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமோ தபால் கந்தோரோ கோவிலோ பள்ளிவாசலோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் வாசலுக்குப் போங்கள். படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சரிவு போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள், நிச்சயம் இருக்கும். இருபதடிக்கு ஓரடி ஏற்றம், நினைவில் வையுங்கள். மட்டக்கோல் இல்லாவிட்டால் ஒரு பலகையும் தண்ணீர்ப் போத்தலும் போதும். உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போங்கள்.